பதினாலு பேரும் ஒரு டெலிபோனும்

"பஸ் ஏழு மணிக்கே வந்து நிக்குதும்மா. பிள்ளைங்க ஒருத்தரும் இன்னும் எழுந்துக்கல. டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சுத் தெருவையே எழுப்பிட்டாராம். இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

போனில் புலம்பியவர் நிலவியல் பேராசிரியர். முப்பது வருஷமாகப் பாறையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாததால் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாறை சார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பழைய கல்குவாரியைப் பார்த்துப் படிப்பதற்காகப் பதினாலு மாணவர்கள் கடல் கடந்து ஒரு சின்ன ஊருக்குக் கிளம்பி இன்றோடு மூன்று நாள். பதினாறு நாள் பயணம். அதற்குத் தலைவர் பாறை சார்.

"இதுக்குப் போய்க் கலங்கலாமா சார்? பஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டினா நாளையிலேர்ந்து எட்டு மணிக்கு வந்துட்டுப் போறாங்க. இன்னிக்கு மட்டும் பிள்ளைங்க மூஞ்சில தண்ணி தெளிச்சு ஏத்தி விடுங்க."

"தெளிக்கச் சொல்றேம்மா" என்று போனை வைத்தார் பாறை சார்.

இந்தப் பக்கம் போனை வைத்தவளைப் பிரிவு மேடம் என்பார்கள். வெளிநாட்டுப் படிப்புப் பயணம் நடத்தும் பேராசிரியர்களுக்கான ஆதரவுப் பிரிவு என்று வாசலில் ஒரு போர்டு தொங்கும். அறையை விடப் போர்டு நீளம். உள்ளே ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், அவள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை என்பதால் கூரை சரிந்து வரும். உயரமானவர்கள் யார் வந்தாலும் முதலில் தலையை இடித்துக்கொண்டு, அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள்.

பேராசிரியர்களுக்குப் பாடம் தெரியும். பாடம் மட்டும்தான் தெரியும். படுக்கை எங்கே, பஸ் எங்கே, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், பெட்டி தொலைந்தால் யாரிடம் அழுவது, இதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? அதற்குத்தான் பிரிவு மேடம். ஆறு வருஷமாக ஒற்றை ஆளாக அந்தப் பிரிவை இழுத்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது பயணங்கள் முடித்தாயிற்று. ஒரு பிள்ளைகூடத் தொலைந்ததில்லை. இத்தனைக்கும் அவள் ஒருமுறைகூட வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது.

அதைத்தான் பதிவாளர் பிடித்துக்கொண்டார். போன வாரம் வராந்தாவில் நாலு பேர் பார்க்க நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"ஊர் எல்லையைத் தாண்டாத நீங்க, உலகம் சுத்தறவங்களுக்கு என்னம்மா ஆதரவு குடுக்கப் போறீங்க? பேராசிரியர்னா பெரிய மனுஷங்க. கூடப் போற பிள்ளைங்களை அவங்களே பாத்துப்பாங்க. ஒரு போன் நம்பர்ல குரலைப் பதிவு பண்ணி வச்சாப் போதும். காய்ச்சல்னா ஒன்னை அழுத்து, களவுன்னா ரெண்டை அழுத்துன்னு அதுவே சொல்லிடும்."

"பயம்னா எதை சார் அழுத்தணும்?" என்று கேட்டாள் பிரிவு மேடம்.

நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். பதிவாளருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று சாயங்காலமே ஒரு காகிதம் வந்தது. பாறை சாரின் பயணத்தில் ஒரே ஒரு குழப்பம் வந்தாலும் பிரிவு மூடப்படும், அவள் அடித்தளத்து விடைத்தாள் கிடங்குக்கு மாற்றப்படுவாள் என்று அதில் இருந்தது. சூரியனைப் பார்க்காமல் பழைய விடைத்தாளைக் கட்டுக் கட்டாக அடுக்குகிற வேலை. அவள் காகிதத்தை வாசித்தாள். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள்.

"மூடிடுவாராமில்ல? மூடட்டும் பாக்கலாம்" என்றாள் அலமாரியைப் பார்த்து. பேச அங்கே வேறு ஆள் இல்லை.

உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பதிவாளருக்குத் தெரியவிடுவாளா அவள்?

எட்டு மணி பஸ் வந்தது. அதில்தான் வந்தது வினை. ஏழு மணி பஸ்ஸில் பதினாறு சீட். எட்டு மணிக்கு அந்தக் கம்பெனியிடம் இருந்தது சின்ன பஸ். பன்னிரண்டே சீட்.

"ரெண்டு பேர் மிஞ்சுதும்மா!" பாறை சார் பத்து மணிக்கு மேல் கூப்பிட்டார். எவ்வளவு தொல்லை வந்தாலும் அவர் பல்கலைக்கழக நேரத்தில்தான் கூப்பிடுவார். அங்கே விடிகிறதோ அடைகிறதோ, இவளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷர் என்று அவளுக்கு அவர்மேல் தனி மரியாதை.

"மடியில உக்கார வைக்க முடியாதா சார்?"

"அந்த ஊர்ல போலீஸ் பிடிக்குமாம்."

"சரி. முறை வைங்க. தினம் ரெண்டு பேர் விடுதியில இருந்து நோட்டு எழுதட்டும். மத்தவங்க குவாரிக்குப் போகட்டும். யார் யார் எந்த நாள்னு இப்பவே லிஸ்ட் அனுப்பறேன்."

லிஸ்ட் போட்டாள், அனுப்பினாள், நிம்மதியாக டீயை வாயில் வைத்தாள். டீ ஆறுவதற்குள் மறுபடியும் போன்.

"முதல் நாள் விட்டுட்டுப் போற ரெண்டு பேர்ல ஒரு பொண்ணு அழுவுதும்மா. தன்னை வேணும்னே ஒதுக்கிட்டாங்கன்னு கதவைச் சாத்திக்கிச்சாம். அழற பொண்ணுகிட்ட என்ன சொல்றது? எனக்குக் கல்லு மண்ணுதான் தெரியும்."

"சார், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. 'உன்னை ஒதுக்கல கண்ணு. முதல் நாள் நம்பி விட்டுட்டுப் போற ஆள் நீதான்.'"

"கொஞ்சம் இரும்மா, எழுதிக்கறேன்... 'ஆள் நீதான்.' அப்புறம்?"

"'நாளைக்கு நீ ஜன்னல் சீட்டு.'"

"'ஜன்னல் சீட்டு.' கண்ணுன்னு சொல்லணுமா? எனக்குக் கூச்சமா இருக்கு."

"அந்த வார்த்தைதான் சார் முக்கியம்!"

பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். பொண்ணு கதவைத் திறந்துவிட்டதாம், ரொட்டி சாப்பிடுகிறதாம். பிரிவு மேடத்துக்குப் பெற்ற வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் இவளே நேராகப் பேசியிருந்தால் பாறை சாரின் கூச்சம் மிச்சமாகியிருக்கும். பேசமாட்டாள். பிரிவின் கையேட்டில் ஏழாவது விதி: மாணவர்கள் பிரிவை அழைக்கக்கூடாது, பிரிவும் மாணவர்களை அழைக்காது, எல்லாம் பயணத் தலைவர் வழியாகவே. அந்த விதியை எழுதியவளே அவள்தான். முதல் வருஷம் ஒரு பயணத்தில் இருபது பிள்ளைகளும், அவர்களுடைய அம்மாக்களும், அத்தைகளும், ஒரு மாமாவும் ஒரே நாளில் கூப்பிட்டதில் அவளுக்குக் காது அடைத்து மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் ஏழாவது விதி பிறந்தது. அதை இதுவரை யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிறவர், வீட்டில் கொஞ்சம் வாய் நீளம்.

"உங்க பாறை இன்னிக்கு என்ன கேட்டுச்சு?"

"கிண்டலா? பதினாலு பிள்ளைங்களோட அந்த மனுஷன் தனியா அல்லாடறார்."

"அல்லாடறது நீதான். அவருக்கு பஸ் நீ பாக்கற, சீட்டு நீ போடற, பிள்ளை அழுதா தாலாட்டும் நீயே பாடற. போற போக்கைப் பாத்தா பாடமும் நீதான் நடத்தணும் போல."

"நடத்துவேன். என்ன இப்ப?" என்று தட்டை நங்கென்று வைத்தாள். அவர் பேச்சை மாற்றிவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அது.

விடுதியில் விடப்பட்ட இரண்டு பேருக்கும் நோட்டு எழுதுவது அரை நாளில் முடிந்துவிட்டது. மீதி அரை நாள் அவர்கள் மாடியில் பந்து விளையாடினார்கள். விடுதிக்காரர் பாறை சாருக்குப் போன் போட்டுக் கத்தினார், பாறை சார் பிரிவு மேடத்துக்குப் போன் போட்டு நடுங்கினார்.

"அந்த ஊர்ல மியூசியம் இருக்கா சார்?"

"இருக்காம். பாறை, தாதுப்பொருள் எல்லாம் வச்சிருக்காங்களாம்."

"போதும். ரெண்டு பேரும் மத்தியானம் அங்க போகட்டும். நான் மியூசியத்துக்கு எழுதிக்கறேன்."

எழுதினாள். மியூசியத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: தினமும் மத்தியானம் வந்து பெஞ்சில் உட்காரும் இந்தப் பிள்ளைகள் வழி தவறியவர்களா?

படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் பிள்ளைகளைப் பார்த்து வழி தவறியவர்களா என்று கேட்பதா? பல்கலைக்கழக முத்திரை போட்ட கடிதத்தாளை எடுத்தாள். இவர்கள் சாதாரண மாணவர்கள் அல்ல, உலகப் புகழ் பெற்ற பாறை அறிஞரின் நேரடிச் சீடர்கள், அந்த அறிஞரே இப்போது உங்கள் ஊரில் தங்கியிருக்கிறார் என்பதைக்கூட அறியாமல் ஒரு மியூசியம் இயங்குவது வருத்தம் அளிக்கிறது என்று வெளுத்து வாங்கிவிட்டாள். உலகப் புகழ் என்பது கொஞ்சம் கூடுதல். கோபத்தில் எழுதுகிறவர்களுக்கு அளவு தெரியாது.

மியூசியம் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டது. அதோடு விட்டிருந்தால் தேவலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அறிஞர் எங்கள் அரங்கில் உரையாற்ற வேண்டும், ஊர் மேயர் தலைமை தாங்குகிறார், இருநூறு நாற்காலி போட்டாயிற்று, போஸ்டரும் ஒட்டியாயிற்று என்று எழுதியிருந்தார்கள்.

பிரிவு மேடம் ரொம்பப் பெருமையாகப் பாறை சாருக்குப் போன் போட்டாள்.

"சார், உங்களுக்கு மேடை! மேயர் தலைமை!"

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"மேடையா? அங்கயா? நானா?"

"வேற யாரு? முப்பது வருஷமா கிளாஸ்ல பேசறீங்க. ஒரு மணி நேரம் பேச மாட்டீங்களா?"

"அதில்லைம்மா... நான் எப்படி... தொண்டை கட்டிக்கிச்சும்மா. பேச்சே வரல."

"இப்ப பேசறீங்களே?"

"இதோ, போகுது" என்று கரகரவென்று இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் இவளுக்கு மனசு தாங்கவில்லை. தூர தேசத்தில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வயசான மனுஷர். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாக விடுதிக்கே டாக்டரை அனுப்பிவைத்தாள்.

டாக்டர் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். நோயாளி அறையில் இல்லை, மாடியில் இல்லை, குளியலறையிலும் இல்லை. படுத்த படுக்கை என்று எழுதப்பட்ட ஆளைக் காணோம் என்றால் டாக்டர் சும்மா திரும்பிவிட முடியாதாம், அது அவர்கள் கம்பெனி விதி. அவர் இன்ஷூரன்ஸுக்குச் சொன்னார். இன்ஷூரன்ஸ் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செய்தியை அடித்துவிட்டது: உங்கள் பயணத் தலைவரைக் காணவில்லை.

அந்தச் செய்தி பதிவாளரின் போனில், துணைவேந்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சிவப்பு எழுத்தில் வந்து விழுந்தது.

பிரிவு மேடம் போனை எடுத்தாள். பாறை சாரின் நம்பரை அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். ஐந்தாவது தடவை எடுத்தார்.

"எங்க சார் போனீங்க? உங்களைக் காணோம்னு உலகமே தேடுது!"

"எங்கயும் போகலைம்மா! நான் இருக்கற இடத்துலயேதான் இருக்கேன்!"

"குவாரியிலயா?"

"ம்" என்றார்.

"உடம்புக்கு முடியாம குவாரிக்குப் போயிருக்கீங்களே சார், உங்களை என்ன சொல்றது!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, பதிவாளருக்கு நீங்களே ஒரு போன் போட்டு நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை மேடையை நினைச்சுக் கவலைப்படாதீங்க. பிள்ளைங்க பேசட்டும்."

"பிள்ளைங்களா?"

"பதினாலு பேர். ஆளுக்கு ஒரு கல்லு, ஆளுக்கு நாலு நிமிஷம். வகுப்புத் தலைவி ஆரம்பிக்கட்டும். அன்னிக்கு அழுத பொண்ணு கடைசியில நன்றி சொல்லட்டும், அதுக்குத் தெம்பு வரும். நீங்க குறிப்பை மட்டும் எழுதி அனுப்புங்க, யாருக்கு எந்தக் கல்லுன்னு நான் பிரிக்கறேன். ரெண்டு தடவை ஒத்திகை. சிரிக்கக்கூடாது. மேயரைப் பாத்துப் பேசணும். சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா" என்றார் பாறை சார். அன்று அவர் தொண்டை ரொம்பத் தெளிவாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அமர்க்களப்பட்டது. இருநூறு நாற்காலி பற்றாமல் ஜனம் நின்றுகொண்டு கேட்டதாக மியூசியம் எழுதியது. மேயர் ஒரு கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு கீழேயே வைக்கவில்லையாம். பிரிவு மேடம் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பதிவாளர் அறையிலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை பதினோரு மணி. விசாரணை.

பதிவாளர் அறையில் நீள மேஜை. நடுவில் பதிவாளர். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூத்த பேராசிரியர்கள், எதற்கும் தலையாட்டுவதற்கென்றே கூப்பிடப்பட்டவர்கள். அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா."

"நிக்கறேன் சார். நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

பதிவாளர் ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நன்றாக வந்துகொண்டிருந்த ஏழு மணி பஸ்ஸை மாற்றியது. இரண்டு பிள்ளைகளைத் தினமும் விட்டுவிட்டுப் போக வைத்தது. மியூசியத்துக்கு உலகப் புகழ் என்று புளுகியது. நல்ல ஆரோக்கியமாக இருந்த பேராசிரியருக்கு டாக்டரை அனுப்பி, அவரைக் காணாமல் போனவர் பட்டியலில் சேர்த்தது. வாசிக்க வாசிக்க இரண்டு தலைகளும் ஆடின.

"அவர் அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினார். கிண்ணுனு பேசறார். ஒரு குறையும் இல்லைங்கறார். அவர் பாட்டுக்கு நடத்திட்டு இருந்த பயணத்துல நடுவுல பூந்து குட்டையைக் குழப்பினது நீங்க. இல்லைங்கறீங்களா?"

"குழப்பம் ஆச்சு சார். ஒத்துக்கறேன்" என்றாள் பிரிவு மேடம். "ஒவ்வொன்னும் என் கையாலதான் ஆச்சு. ஒவ்வொன்னையும் என் கையாலதான் சரி பண்ணினேன். இந்தாங்க மியூசியம் லெட்டர். பதினாலு பிள்ளைங்களுக்கும் அந்த ஊரே எழுந்து நின்னு கைதட்டியிருக்கு."

"அது பாறை சாரோட திறமை!"

"திறமை அவருதுதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவருக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும் சார். பதிவு பண்ணின குரல் போதாது. அழற பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு அது சொல்லித் தராது."

"வேணாம்மா! யாரும் வேணாம்!" பதிவாளர் மேஜையைத் தட்டினார். "அங்க இருக்கறது அவரு. பிள்ளைங்களைக் கண்ணால பாக்கறது அவரு. பொறுப்பு அவருது. நீங்க இங்க மாடிப்படிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, பாஸ்போர்ட்கூட இல்லாம, ஒரு போனை வச்சுக்கிட்டு என்னத்தை நடத்திட முடியும்? நேர்ல போகாத ஆளால ஒரு பயணத்தை நடத்த முடியுமா? உலகத்துல எங்கயாவது நடக்குமா?"

தலைகள் நடக்காது என்று ஆடின.

ஆறு வருஷம். நாற்பது பயணம். ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, எத்தனை ஊர்களின் தெருக்களை மனப்பாடம் செய்தாள்! எந்த ஊரில் எந்த மருந்துக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அழவில்லை. அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது, அது உதவியாக இருந்தது.

"நடத்தினேன்னு நான் சொல்லல சார். கூட நின்னேன்னு சொல்றேன். தூரத்துலேர்ந்தாலும் கூட நிக்க முடியும். நான் இல்லாம அவர் திண்டாடியிருப்பார். வேணும்னா அவரையே கேளுங்க!"

"கேட்டாப் போச்சு" என்று பதிவாளர் பாறை சாருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டார். இந்த முறை போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"குவாரியில இருப்பார். அங்க சிக்னல் இருக்காது" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னாள் அவள்.

"அப்ப பிள்ளைங்கள்ல யாரையாவது கேக்கலாமே. நம்பர் இருக்கில்ல?" பதிவாளர் சிரித்தார். "ஓ, உங்க ஏழாவது விதி ஒன்னு இருக்கே! மாணவர்களை அழைக்கக்கூடாது! பயந்தா விட்டுடுங்க. இப்பவே உத்தரவுல கையெழுத்துப் போட்டுடறேன். சாயங்காலம் கிடங்குச் சாவியை வாங்கிக்கலாம்."

பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். உத்தரவு ஏற்கெனவே அச்சாகி அவர் முன்னால் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"யாரு சார் பயந்தது?" என்றாள் பிரிவு மேடம். "அந்த விதியை நான்தான் எழுதினேன். இன்னிக்கு நானே மீறறேன்."

தன் போனை எடுத்தாள். வகுப்புத் தலைவியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம், பதினாலு பேரின் நம்பருமே மனப்பாடம், ஒருமுறைகூட அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில், அந்த உத்தரவின் மேலேயே வைத்தாள்.

"ஹலோ?" என்று ஒரு இளங்குரல் கேட்டது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல், யாரோ கல்லைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம்.

"கண்ணு, நான் பல்கலைக்கழகத்துலேர்ந்து ஆதரவுப் பிரிவு மேடம் பேசறேன்."

"மேடமா! ஏய், மேடம்டி! மேடமே பேசறாங்க!" அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். அத்தனை குரலும் ஒன்றாக வணக்கம் சொன்னது. அவள் ஒரு நிமிஷம் திகைத்துப்போனாள். தன்னை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்றே அவள் நினைத்ததில்லை.

பதிவாளர் போன் பக்கம் குனிந்தார்.

"இந்தாம்மா, நான் பதிவாளர் பேசறேன். ஒரே ஒரு கேள்வி. பயப்படாம உண்மையைச் சொல்லணும். பாறை சார்தானே அங்க கூடவே இருந்து எல்லாத்தையும் நடத்தறார்? இந்த மேடம் இல்லைன்னாலும் அவரே உங்களைப் பாத்துப்பாரா, மாட்டாரா?"

பிரிவு மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜையின் இரண்டு பக்கத்திலும் தலைகள் ஆடாமல் காத்திருந்தன.

"பாறை சாரா? அவர் எங்க சார் வந்தார்? ஏர்போர்ட்ல ப்ளேனைப் பாத்ததுமே வேர்த்து விறுவிறுத்து, 'ஆதரவுப் பிரிவு மேடம் உங்களைப் பாத்துப்பாங்க'ன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டார். பன்னெண்டு நாளா எங்களை நடத்தறதே அந்த மேடம்தானே!"